பெட்டி நம் வீட்டில், பெயர் யார் கையில்?

(பாளையங்கோட்டையில் கல்லூரி மாணவர்களும் ஆசிரியர்களும் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வீட்டிலேயே சொந்தமாக மின்னஞ்சல் சர்வர் நடத்தலாமா என்று கேட்பவர்களில் இரண்டு வகை உண்டு. கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைகள் ஆசையோடு கேட்பார்கள். பெரியவர்கள், "அதெல்லாம் எதுக்குவே, ஜிமெயில்தான் சும்மா கிடைக்கே" என்று பதிலையும் சேர்த்தே கேட்பார்கள். இரண்டு தரப்புக்கும் என் பதில் ஒன்றுதான்: கடிதம் வாங்குவது எளிது, அனுப்புவது பெரும்பாடு. அந்தப் பாடு இயந்திரத்தால் வந்ததல்ல. அது எங்கிருந்து வந்தது என்பதைத்தான் இன்று கொஞ்சம் விரிவாகப் பேச நினைக்கிறேன்.

ஒரு பழைய தபால் கதையோடு செங்கோட்டையிலிருந்து தொடங்குகிறேன். இன்று அது தென்காசி மாவட்டம். 2019 வரை நம் திருநெல்வேலி மாவட்டம். 1956 நவம்பர் 1க்கு முன்போ அது மலைக்கு அந்தப் பக்கத்து ஆட்சியில், திருவிதாங்கூர்ச் சீமையில் இருந்தது. அந்தச் சமஸ்தானம் வெள்ளைக்காரனின் தபாலை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. தனக்கென்று ஒரு கடிதத் துறையையே நடத்தியது. மணி கட்டிய கோலோடு ஓட்டக்காரர்கள் பையைச் சுமந்து ஓடினார்கள். 1888இல் சங்குச் சின்னம் போட்ட சொந்தத் தபால்தலையும் வந்தது. 1951இல் இந்தியத் தபால் துறையோடு சேரும்வரை அந்தத் துறை நடந்தது. ஆனால் அந்தத் தலை சமஸ்தானத்து எல்லைக்குள் மட்டும்தான் செல்லும். சங்குத் தலை ஒட்டிய கடிதம் நாகர்கோவிலுக்குப் போகும். செங்கோட்டைக்குச் சுமார் அறுபது கிலோமீட்டர் தென்கிழக்கே இருக்கும் திருநெல்வேலிக்கு வராது. இங்கே வர வேண்டுமானால் பிரிட்டிஷ் இந்தியாவின் தலை வேண்டும். பையும் ஓட்டக்காரரும் நம்முடையவர்கள்தான். எல்லைக்கு அப்பால் நம் முத்திரையை மதிப்பதும் மதிக்காததும் அடுத்தவர் விருப்பம்.

மின்னஞ்சலுக்கு விதி வகுத்தவர்கள் இந்த எல்லையே இல்லாமல்தான் வகுத்தார்கள். 1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் என்ற அமெரிக்கர் எழுதி வெளியிட்ட விதிமுறைக்கு எஸ்எம்டிபி என்று பெயர். அதன்படி உலகத்தின் எந்தக் கணினியும் எந்தக் கணினியின் கதவையும் தட்டி, நான் இன்னார், இன்னாருக்குக் கடிதம் கொண்டுவந்திருக்கிறேன் என்று சொல்லலாம். உரிமம் வேண்டாம், முன்பதிவு வேண்டாம். ஒரு பெரிய நிறுவனத்தின் கணினிக்கும் சேரன்மகாதேவியில் ஒரு வீட்டு அலமாரியில் இருக்கும் கணினிக்கும் அந்த விதியில் வேறுபாடே கிடையாது. இன்று நடப்பில் உள்ள 2008ஆம் ஆண்டுப் பதிப்பிலும் கிடையாது.

இந்த இடத்தில் எந்த அவையிலும் ஒருவர் கை தூக்குவார்: மின்னஞ்சலைக் கண்டுபிடித்தவர் நம்ம தமிழர்தானே? சிவா அய்யாதுரை அமெரிக்காவில் பள்ளி மாணவராக இருந்தபோது, 1978இல், ஒரு மருத்துவக் கல்லூரிக்காக 'இமெயில்' என்ற பெயரில் ஒரு மென்பொருள் எழுதினார். 1982இல் அதற்குப் பதிப்புரிமையும் பெற்றார். அந்த வயதுப் பையனுக்கு அது பெரிய சாதனை. ஆனால் ரே டாம்லின்சன் 1971இலேயே ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குக் கடிதம் அனுப்பிவிட்டார். ஆளின் பெயருக்கும் கணினியின் பெயருக்கும் நடுவே '@' குறியைப் போட்டவரும் அவர்தான். எழுதிய நிரலுக்குப் பதிப்புரிமை வாங்குவது வேறு, ஒன்றைக் கண்டுபிடிப்பது வேறு. தமிழர் என்பதற்காக நான் இதில் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன்.

வீட்டு சர்வர் என்றதும் குளிரூட்டிய அறையையும் வரிசையாக நிற்கும் இரும்பு அலமாரிகளையும் நினைக்க வேண்டாம். உள்ளங்கையில் அடங்கும் ராஸ்பெர்ரி பை கணினி போதும். யாரோ கழித்துப்போட்ட பழைய லேப்டாப்பும் போதும். அதில் பேட்டரி வேறு கூடவே வருகிறது. அந்தச் சின்னப் பெட்டி எட்டு வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், இரவு பகலாக ஓடினாலும் மாதம் ஆறு யூனிட்டைத் தாண்டாது. வீடுகளுக்கு ஒரு பகுதி மின்சாரம் இலவசமாகக் கிடைக்கும் நம் மாநிலத்தில் மின்கட்டணத்தை ஒரு காரணமாகச் சொல்ல முடியாது. மென்பொருளும் இலவசமே. கடிதத்தை வாங்கவும் அனுப்பவும் போஸ்ட்ஃபிக்ஸ்; ஐபிஎம் நிறுவனத்தில் இருந்தபோது வீட்ஸா வெனிமா எழுதி 1998இல் வெளியிட்டது. வந்த கடிதங்களை அடுக்கிவைத்து உங்கள் போனுக்கு எடுத்துத்தர டவ்காட். பின்லாந்துக்காரர் டிமோ சிராய்னன் 2002இல் வெளியிட்டது. பெரும் கடிதப் போக்குவரத்தைச் சுமக்கத் தெரிந்த மென்பொருள்கள் ஒரு குடும்பத்துக் கடிதங்களை வைத்துக்கொண்டு பெரும்பாலும் சும்மாதான் உட்கார்ந்திருக்கும்.

மிச்சம் இருப்பது டொமைன் என்கிற பெயர். அதற்கு ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள். டொராண்டோவில் இருக்கும் மகள் பெருமாள்புரத்தில் இருக்கும் அப்பாவுக்கு எழுதுகிறாள். அவளுடைய சர்வர் முதலில், இந்தப் பெயருக்குக் கடிதம் வாங்குகிற கணினி எது என்று இணையத்தின் பெயர்ப் பதிவேட்டைக் கேட்கும். எம்எக்ஸ் என்ற பதிவில் அதற்கு விடை இருக்கும். அந்த ஐபி முகவரிக்குப் போய் 25ஆம் போர்ட்டைத் தட்டும். இங்கே அலமாரியில் இருக்கும் பெட்டி 'சரி' என்றால் கடிதம் இறங்கிவிடும். இடையில் வேறு யாருடைய கிடங்கிலும் அது தங்குவதில்லை. விளம்பரத்துக்காக அதை யாரும் மோந்து பார்ப்பதும் இல்லை.

நம் ஊரில் கரண்ட் போகுமே, அப்போது வரும் கடிதம் என்ன ஆகும்? மாதாந்திரப் பராமரிப்பு என்று நாளிதழில் அறிவித்துவிட்டுக் காலை ஒன்பதுக்கு நிறுத்தினால் சாயங்காலம்தான் வரும். இன்வெர்ட்டரும் எத்தனை மணி நேரம் தாங்கும்? எஸ்எம்டிபி விதியிலேயே இதற்கு வழி சொல்லிவிட்டார்கள். கதவு திறக்காவிட்டால் கடிதத்தைக் கொண்டுவந்தவர் அதைத் தன்னிடமே வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி வந்து தட்ட வேண்டும். குறைந்தது நான்கைந்து நாளாவது முயன்ற பிறகே கைவிடலாம் என்று நடப்பு விதி சொல்கிறது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் கணினிகள் அடிக்கடி படுத்துவிடும், தொலைபேசிக் கம்பிகள் அறுந்துபோகும். அந்தக் காலத்துக்காரர்கள் தங்கள் கஷ்டத்தை மனதில் வைத்து எழுதிய விதி இன்று நம் கஷ்டத்துக்கு உதவுகிறது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த அவையில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி வெள்ளம் திருநெல்வேலி ஜங்ஷனுக்குள் வந்தது, கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீசுக்குள் வந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய் சுமார் 800 பேர் அதில் சிக்கிக்கொண்டார்கள். ஆற்றின் கீழ்ப்பகுதி ஊர்களில் கரண்டும் செல்போனும் நாள் கணக்கில் இல்லை. அப்படிப்பட்ட நாட்களில் ஒரு வீட்டு சர்வருக்கு வந்த கடிதங்கள், பெட்டி மட்டும் நனையாமல் இருந்தால், கரண்ட் திரும்பியதும் எங்கெங்கோ வரிசையில் காத்திருந்தவை ஒவ்வொன்றாக வந்து இறங்கும். ஆனால் பெட்டியே தண்ணீரில் போனால் அதில் இருந்த பழைய கடிதங்களும் அதோடு போகும். அதனால் வீட்டில் சர்வர் வைப்பவர் அதன் நகலை வேறு ஊரில், மதுரையிலோ கோயம்புத்தூரிலோ உள்ள ஓர் உறவினர் வீட்டில் பூட்டு போட்ட கோப்பாக வைத்தே ஆக வேண்டும். கரையோரம் வீடு கட்டியவர்களுக்கு நான் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இதுவரை சொன்னது வாங்கும் கதை. அனுப்பும் கதைதான் வயிற்றெரிச்சல்.

முதல் தடை, அனுப்புவதற்கு மட்டுமல்ல வாங்குவதற்கும், உங்கள் வீட்டு இணைப்பிலேயே இருக்கிறது. இன்றைய வீட்டு பைபர் இணைப்புகளில் பெரும்பாலும் உங்களுக்கென்று தனி ஐபி முகவரி கிடையாது. நூற்றுக்கணக்கான வீடுகள் ஒரே முகவரிக்குப் பின்னால் நிற்கும். அப்படியிருந்தால் வெளியிலிருந்து தட்ட உங்களுக்குக் கதவே இல்லை. மாதம் கூடுதல் பணம் கட்டி நிலையான ஐபி வாங்க வேண்டும். வாங்கினாலும் 25ஆம் போர்ட்டை நிறுவனம் அடைத்து வைத்திருக்கலாம். அதையும் திறந்தால், அந்த ஐபி இன்ன டொமைனுக்கு உரியது என்று தலைகீழாகக் காட்டும் பிடிஆர் என்ற பதிவு வேண்டும். அதை நீங்கள் எழுத முடியாது, ஐபியின் சொந்தக்காரரான இணைய நிறுவனம்தான் எழுத வேண்டும். ஒரு நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்து, "எனக்கு பிடிஆர் வேணும்" என்றேன். மறுமுனையில் இருந்த தம்பி மரியாதையாகக் கேட்டார்: "அமைச்சரையா சார்?" அப்போது நம் மாநிலத்தின் தகவல் தொழில்நுட்ப அமைச்சராக இருந்தவரின் பெயரை எல்லோரும் அப்படித்தானே சொல்வார்கள்! அவர் மேல் தப்பில்லை. வீட்டு இணைப்புக்காரர் யாரும் அதுவரை அவரிடம் இதைக் கேட்டிருக்க மாட்டார்.

இதெல்லாம் கிடைத்துவிட்டது என்றே வைப்போம். ஸ்பேம்ஹாஸ் என்ற அமைப்பு வீட்டு இணைப்புகளின் ஐபி முகவரிகளைப் பட்டியலிட்டு வைத்திருக்கிறது. இந்த முகவரிகளிலிருந்து நேரடியாகக் கடிதம் வரக் கூடாது என்பது அந்தப் பட்டியலின் பொருள். நீங்கள் ஒரு தப்பும் செய்திருக்க வேண்டாம், வீட்டிலிருந்து அனுப்புகிறீர்கள் என்பதே போதும். அதையும் தாண்டினால் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க். முதலாவது, என் பெயரில் அனுப்ப எந்தெந்தக் கணினிக்கு அனுமதி என்ற அறிவிப்பு. இரண்டாவது, ஒவ்வொரு கடிதத்திலும் போடும் கையெழுத்து. மூன்றாவது, இந்த இரண்டும் பொருந்தாத கடிதத்தை என்ன செய்வது என்று நாம் சொல்லிவைக்கும் கட்டளை. இவற்றை நல்ல பழக்கம் என்று சொல்லிவந்த ஜிமெயிலும் யாஹூவும் 2024 பிப்ரவரி முதல், மொத்தமாக அனுப்புகிறவர்களுக்கு மூன்றையும், மற்றவர்களுக்கு முதல் இரண்டில் ஒன்றையாவது கட்டாயமாக்கின. இந்த மூன்றையும் ஒரு மாணவர் ஒரு சாயங்காலத்தில் படித்துச் சரியாக அமைத்துவிடலாம். எல்லாம் சரியாக இருந்தும் உங்கள் கடிதம் ஸ்பேம் பெட்டிக்குப் போகலாம். எந்தக் காரணத்துக்காக என்று யாரும் சொல்ல மாட்டார்கள். முறையிட ஒரு படிவம் இருக்கும். அதற்குப் பதில் வரலாம், வராமலும் போகலாம்.

பதவியில் இருப்பவர்களுக்கும் இதே கதிதான். வீட்டு மின்னஞ்சல் சர்வர் என்றால் உலகமே அறிந்த ஒன்று ஹிலாரி கிளிண்டன் நியூயார்க்குக்குப் பக்கத்தில் சப்பாக்குவாவில் தன் வீட்டில் வைத்திருந்தது. 2015 மார்ச்சில் அது செய்தியாகி அவருடைய அரசியலையே ஆட்டிவைத்தது. எல்லோரும் ரகசியத்தைப் பற்றிப் பேசினார்கள். எனக்குப் பிடித்த பகுதி வேறு. 2010இல் அவர் அமெரிக்காவின் வெளியுறவு அமைச்சர். அவர் வீட்டிலிருந்து அனுப்பிய கடிதங்கள் சொந்தத் துறை அலுவலர்களுக்கே ஒழுங்காகப் போய்ச் சேராமல் ஸ்பேம் வடிகட்டியில் மாட்டின. அதைச் சரிசெய்யத் துறையின் பாதுகாப்பு அமைப்புகள் சிலவற்றைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தார்கள். அவருக்காக நிறுத்த ஆள் இருந்தது. நமக்காக யார் நிறுத்துவார்?

பெரிய நிறுவனங்கள் வேண்டுமென்றே சின்னவர்களை நசுக்குகின்றன என்று சொல்பவர்களோடு நான் முழுவதும் ஒத்துப்போவதில்லை. வைரஸ் புகுந்த வீட்டுக் கணினிகளைக் கூட்டம் சேர்த்து எரிதங்களை, அதாவது ஸ்பேம் கடிதங்களை, அனுப்பிய கும்பல்கள் உண்மையிலேயே இருந்தன. ரஸ்டாக் என்ற அப்படிப்பட்ட ஒரு கூட்டத்தை 2011 மார்ச்சில் முடக்கியபோது உலகத்தின் எரிதப் போக்குவரத்தே கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தது. வீட்டு முகவரிகளைச் சந்தேகப்பட நியாயம் உண்டு. ஆனால் அந்த நியாயத்தின் முடிவு என்ன ஆயிற்று என்றால், எல்லையே இல்லாமல் வகுத்த ஒரு முறைக்குள் மறுபடியும் தபால்தலை வந்துவிட்டது. யார் முத்திரை செல்லும், யார் முத்திரை செல்லாது என்பதை இரண்டு மூன்று நிறுவனங்கள் முடிவு செய்கின்றன. திருவிதாங்கூர் மகாராஜாவாவது எல்லை எங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

ஆகவே நான் சொல்லும் வழி பாதி வீடு, பாதி வெளி. நிலையான ஐபி கிடைத்தால், வாங்குவதும் சேர்த்துவைப்பதும் வீட்டுப் பெட்டியில் இருக்கட்டும். அனுப்புவதை மட்டும், நல்ல பெயர் எடுத்த ஒரு ரிலே சேவையின் வழியாக அனுப்புங்கள். மாதம் சில நூறு ரூபாய்க்கு மேல் ஆகாது. தூய்மைவாதிகள் இதைத் தோல்வி என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் ஒரு எச்சரிக்கை: பிள்ளையின் நீட் அனுமதிச் சீட்டு வருகிற முகவரியையும் வங்கிக் கணக்கோடு இணைத்த முகவரியையும் நீங்கள் சோதனை செய்து பழகுகிற பெட்டியில் வைக்காதீர்கள். இன்னொன்று, பெட்டியின் கடவுச்சொல் வீட்டில் இன்னொருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைப் பராமரிக்கிறவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் குடும்பத்தின் கடிதங்கள் அத்தனையும் திறக்க முடியாத டப்பாவாகிவிடும்.

இவ்வளவு தொல்லை எதற்கு, மின்னஞ்சல் சேவை தரும் ஜோஹோ நிறுவனம் பக்கத்திலேயே இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. அதன் அலுவலகம் உள்ள மத்தளம்பாறை நம் சிற்றாற்றுப் பக்கத்து ஊர். சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்வதால் நம் பள்ளத்தாக்குதான். அந்தக் கிராமத்திலிருந்து உலகம் முழுக்க விற்கும் மென்பொருள் எழுதலாம் என்று காட்டியது சின்ன விஷயமல்ல. 2025இல் மத்திய அரசின் சுமார் 12 லட்சம் ஊழியர்களின் மின்னஞ்சல் ஜோஹோவின் மேடைக்கு மாறியதாகச் செய்தி வந்தபோது இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் ஒரு பெருமை வந்தது. எனக்கும் வந்தது. அந்தச் செய்தியில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஊழியர்களின் முகவரி மாறவில்லை. ஜிஓவி, என்ஐசி என்ற அரசின் டொமைன் பெயர்கள் அப்படியே இருந்தன. பெயர் அரசின் கையில் இருந்ததால் கடிதக் கிடங்கை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு மாற்ற முடிந்தது. நாளை வேறு இடத்துக்கும் மாற்றலாம்.

இதற்கு மறுபக்கமும் ஜோஹோவின் கதையிலேயே இருக்கிறது. 2018 செப்டம்பர் 24 அன்று அந்த நிறுவனத்தின் டொமைன் பெயர் திடீரென்று வேலை செய்யவில்லை. அவர்களுடைய சர்வர்கள் எல்லாம் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தன. ஏமாற்று அஞ்சல் பற்றி வந்த சில புகார்களைக் காரணம் காட்டி, பெயரைப் பதிவு செய்து வைத்திருந்த அமெரிக்க நிறுவனம் அதை முடக்கிவிட்டது. கோடிக்கணக்கான பயனர்கள் தவித்தார்கள். ஜோஹோவை நடத்திய ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் உதவி கேட்க வேண்டிவந்தது. இனி பெயர்ப் பதிவையும் நாங்களே செய்வோம் என்று அதன் பிறகு அவர் சொன்னார். எத்தனை கட்டடம் நிறைய சர்வர் இருந்தாலும் பெயர் அடுத்தவர் கையில் இருந்தால் ஒரு சொடுக்கில் எல்லாம் நிற்கும்.

நம் ஊர்க் கடைகளின் பழைய பில் புத்தகங்களைப் புரட்டிப் பாருங்கள். பி.எஸ்.என்.எல். கொடுத்த சஞ்சார்நெட் முகவரி அச்சடித்திருக்கும். அந்தப் பெயர் வழக்கொழிந்ததும் அந்த முகவரிகளும் போயின. அடுத்து ரெடிஃப், யாஹூ, இப்போது ஜிமெயில். ஒவ்வொரு முறையும் லெட்டர்பேடு மாற்றியது நாம்தான். இன்றும் பள்ளிக்கூடம், கூட்டுறவுச் சங்கம், கோயில் அலுவலகம் என்று பல பலகைகளில் ஜிமெயில் முகவரிதான் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறது.

சொந்தப் பெயர் இருந்தால் இன்னொன்றும் சாத்தியம், தமிழிலேயே முகவரி. 2012இல் அதற்கான விதிமுறைகள் வந்துவிட்டன. டாட் இந்தியா என்பதைத் தமிழ் எழுத்திலேயே பெயரின் முடிவாக வைக்கலாம். போஸ்ட்ஃபிக்ஸ் 2015இல் தமிழ் எழுத்து முகவரிகளுக்கு வழி செய்தது. ஜிமெயில் 2014 முதல் அப்படிப்பட்ட முகவரியோடு கடிதம் பரிமாறிக்கொள்ளும். ஆனால் தன்னிடம் அப்படி ஒன்றைத் தொடங்க விடாது. கடைசி எழுத்து வரை தமிழில் ஒரு முகவரியை நீங்களே உங்கள் பெட்டியில் உண்டாக்கலாம். பழைய மென்பொருள் வைத்திருப்பவர்கள் அதற்குக் கடிதம் அனுப்ப முடியாமல் திணறுவார்கள். இப்போதைக்குப் பக்கத்தில் ஆங்கில எழுத்து முகவரி ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் வீட்டில் சர்வர் வையுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஆசை உள்ள மாணவர்கள் கட்டாயம் ஒரு தடவை வைத்துப் பாருங்கள். புத்தகத்தில் வருகிற நெட்வொர்க் பாடம் அப்போதுதான் பிடிபடும். ஆசிரியர்களிடமும் சங்கப் பொறுப்பாளர்களிடமும் கேட்பது வேறு. உங்கள் நிறுவனத்தின் டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று நாளைக்கே பாருங்கள். வெப்சைட் செய்துகொடுத்த பையனின் பெயரில், அவன் கிரெடிட் கார்டில் அது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டிருந்தால், அவன் சென்னைக்கோ துபாய்க்கோ வேலைக்குப் போவதற்குள் அதை நிறுவனத்தின் பெயருக்கு மாற்றி எழுதி வாங்கிவிடுங்கள்.